கொம்பு வைக்கும் இடம்

அந்த பெஞ்சில் உட்காராதீர்கள் தம்பி. கால் ஆடும். இங்கே வாருங்கள். பிள்ளையை அந்தப் பக்கம் விடுங்கள், காற்று வரும்.

எழுத்துக்குச் சான்றிதழ் வாங்கத்தானே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறீர்கள்? பார்த்தாலே தெரியும். காதுக்கு வந்தவர்கள் சத்தமாகப் பேசுவார்கள். கண்ணுக்கு வந்தவர்கள் கதவில் இடிப்பார்கள். எழுத்துக்கு வந்தவர்கள்தான் இப்படி ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பிள்ளையை முறைத்துக்கொண்டு நிற்பார்கள்.

எந்த வகுப்பு? ஐந்தா? பேசுகிறாளா? வாசிக்கிறாளா? எழுத மட்டும் வராதா? அப்படியானால் நோயும் இல்லை, ஒன்றும் இல்லை. சோம்பல். வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்.

கோபப்படாதீர்கள். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். எங்கள் காலத்தில் இந்த நோய் கிடையாது. எழுதாதவனை அடிப்பார்கள். அடி தாங்காதவன் ஓடிப்போவான். ஓடாதவன் எழுதுவான். அப்புறம் வகுப்பில் நோய் ஏது?

நான் ஓடினேன். ஓடி ஓடித்தான் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் மாநில அளவில் மூன்றாவது வந்தேன். அதை வைத்து பி.டி. மாஸ்டர் வேலை. முப்பத்தாறு வருஷம். ஆவுடையப்பன் சார் என்றால் எங்கள் தாலுகாவில் கண்டக்டரும் எழுந்து நிற்பான். எல்லாரும் என் விசிலுக்கு ஓடியவர்கள்.

இந்தச் சான்றிதழ் வியாபாரமெல்லாம் எனக்குத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தவன். சொல்கிறேன், கேளுங்கள். டோக்கன் எத்தனை உங்களுக்கு? நாற்பத்து ஒன்றா? நேரம் இருக்கிறது.

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு சர்வீஸில் கடைசி வருஷம். பிளஸ் டூ பரீட்சை. கல்வி அலுவலகத்திலிருந்து ஆர்டர் வருகிறது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்திக்கு எழுத வராதாம். அவள் வாயால் சொல்வாளாம், ஒருத்தர் உட்கார்ந்து எழுத வேண்டுமாம். தமிழுக்கு நான்.

ஏன் நான் என்று கேட்டேன். தமிழ் தெரிந்த வாத்தியாரைத் தமிழ்ப் பரீட்சைக்குப் போடக் கூடாதாம். பிள்ளை சொல்லாததையும் சேர்த்து எழுதி மார்க் வாங்கிக் கொடுத்துவிடுவானாம். அதனால் தமிழுக்குச் சம்பந்தமே இல்லாத ஆளைத் தேடியிருக்கிறார்கள். மாவட்டம் பூராவும் தேடி என்னைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அரசாங்கம் சில வேலைகளைச் சரியாகத்தான் செய்கிறது.

வீட்டில் சொன்னேன். என் சம்சாரம் கையில் கரண்டியோடு நின்றாள்.

“நீங்களா எழுதப் போறீய?”

“ஏன், எனக்குக் கை இல்லியா?”

அவள் உள்ளே போய்விட்டாள். அவளுக்கு எப்போதும் அப்படி ஒரு பழக்கம். என் லீவு லெட்டர், லோன் விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகையில் விலாசம், எல்லாம் அவள்தான் எழுதுவாள். அவளுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும், எழுதட்டுமே என்று நான்தான் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சான்றிதழ் எழுத குண்டு எழுத்துப் பிள்ளைகள் நாலு பேர். எனக்கு வேண்டியது ஸ்கோர். அது நம்பர். நம்பரில் நான் புலி.

பரீட்சை அன்றைக்குப் போனேன். தனி அறை. அவள், நான், ஒரு கண்காணிப்பாளர். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

ஒல்லிப் பிள்ளை. இரட்டைச் சடை. பேர் பேச்சியம்மாள். குலசாமி பேர். ஆனால் பொருத்தமான பேர். “வணக்கம் சார், சாப்பிட்டீங்களா சார், வெயிலு கொளுத்துது சார், உங்களுக்கு வலது கைதான சார்?” என்று மூச்சு விடாமல் கேட்கிறாள்.

“கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு ஏட்டி” என்றேன்.

“சரி சார். தமிழுக்கு விலக்கு தாறோம், எழுத வேண்டாம்னு சொன்னாங்க சார். நான்தான் வேணும்னுட்டேன். எனக்குத் தமிழ்தான் சார் உசிரு.”

“உசிரு எல்லாம் அப்புறம். ஒண்ணாங் கேள்வி.”

ஆரம்பித்தாள். என்ன சொல்ல? பேச்சு வந்துகொண்டே இருக்கிறது. குழாயைத் திறந்தால் மூடத் தெரியாத பிள்ளை. நடுவில் “காற்புள்ளி சார்” என்கிறாள். நான் விசில் ஊதுகிறவன். காற்புள்ளியை எந்தக் காலில் வைப்பது?

தண்ணீரைப் பற்றி ஒரு கட்டுரை. அவர்கள் தெருவில் எட்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வருமாம். முந்தின நாளே குடத்தை வரிசையில் வைத்துவிடுவார்களாம். அவள் அம்மா குடத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைப்பாளாம். பக்கத்து வீட்டில் சாவு விழுந்த அன்றைக்கும் குடம் மட்டும் வரிசையில் நின்றதாம். அழுகிறவர்களும் நடுவில் எழுந்து வந்து குடத்தை ஒரு அடி நகர்த்திவிட்டுப் போய் அழுதார்களாம். இப்படி இரண்டு பக்கத்துக்குச் சொல்கிறாள். இதை எல்லாம் எழுத முடியுமா தம்பி? எனக்குச் சுற்றி வளைத்தால் பிடிக்காது. விஷயம் என்ன? தண்ணீர் முக்கியம். வீணாக்கக் கூடாது. அதை எழுதினேன்.

“அவ்வளவும் எழுதிட்டீங்களா சார்?”

“எழுதியாச்சு. அடுத்தது.”

எட்டிப் பார்த்தாள். நான் எழுதும்போது இடது கையால் மறைத்துக்கொண்டுதான் எழுதுவேன். சின்ன வயதிலிருந்து பழக்கம். அவளுக்குப் பழமொழி மட்டும் கொஞ்சம் தெரிந்துவிட்டது. புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது. அதை வாழ்க்கை நிகழ்ச்சியோடு பொருத்தி எழுத வேண்டும்.

“சார், புலிக்குச் சின்ன ல சார்.”

“எனக்குத் தெரியும். சொல்லு.”

“இல்ல சார், நீங்க பெரிய ள…”

“நீ எழுத வந்தியா, நான் எழுத வந்தேனா?”

வாயை மூடிக்கொண்டாள். சொல்ல வந்த நிகழ்ச்சியில் பாதியை விழுங்கிவிட்டாள். எனக்கு லாபம். ல, ள, ழ மூன்றும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் தம்பி. எந்தப் பிள்ளை வந்து கதவைத் திறந்தால் என்ன?

அவளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு. நான் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டேன். ரெக்கார்டாக இருக்கும்.

மே மாதம் ரிசல்ட். எனக்கு அந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி ரிட்டயர்மெண்ட். பாராட்டு விழாவுக்குப் பந்தல் பேசியாகிவிட்டது. ஒரு காலை வாசலில் அவளும் அவள் அம்மாவும். அம்மா பேர் செண்பகம். பீடி சுற்றுகிற பெண். கையில் விடைத்தாள் நகல். பணம் கட்டி வாங்கியிருக்கிறாள். மகள் மற்ற எல்லாப் பாடத்திலும் கொடி நாட்டியிருக்கிறாள். தமிழில் ஃபெயில். வக்கீல் படிப்புக்கு விண்ணப்பம் போட்டு வைத்திருக்கிறாளாம்.

“சார், இது என்ன சார்?” என்று வாசித்தாள் செண்பகம். “புளி பசித்தாலும் புள்ளையைத் தின்னாது.”

“வேகத்துல வந்திருக்கும்.”

“புளி எதுக்கு சார் புள்ளையத் திங்குது?”

“அதான் தின்னாதுன்னு போட்டிருக்குல்லா?”

“எம்மவ ரெண்டு பக்கம் சொன்னாளாம். நீங்க ரெண்டு வரி எழுதியிருக்கீய.”

“விஷயம் அதுல இருக்கா இல்லியா?”

“சோறு போடச் சொன்னா அரிசிய எண்ணிக் காட்டுவீயளோ?”

பொம்பளை வாய். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். நான் கதவைச் சாத்தினேன். என் சம்சாரம் பின்வாசலைத் திறந்து அவர்களுக்கு மோர் கொடுத்தாள்.

அப்புறம் அவர்கள் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். போனேன். தலைமையாசிரியை அறை. எஸ்தர் ஜெயராணி என்று ஒரு அம்மா, நல்ல அம்மா. செண்பகம் சுவரோரம். பேச்சி அவள் பக்கத்தில். தலைமையாசிரியை சொன்னார்கள், “சார், பிழை எல்லாம் எழுதினவரோடது, சுருக்கினதும் அவர்தான்னு நீங்க எழுதிக் கொடுத்தா, பிள்ளைக்கு மறுபடி ஒரு வாய்ப்பு கேக்கலாம். உங்க கைப்பட இருக்கணும். இல்லன்னா அவ ஃபெயில்தான்.”

“எழுதிக் கொடுத்தா எனக்கு மெமோ வரும்” என்றேன்.

“வரலாம் சார்.”

“ரிட்டயர்மெண்டுக்குப் பதினோரு நாள் இருக்கு.”

“தெரியும் சார்.”

அப்போது பார்த்து ஒருத்தி உள்ளே வந்தாள். மெஹர்பானு. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று வட்டாரத்துக்கு ஒரு சிறப்பாசிரியை உண்டு, அவள்தான். பேச்சிக்குச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அவசரமாக வந்தவள் மேஜையில் கிடந்த நகலை எடுத்துப் பார்த்தாள். யாரையும் கேட்கவில்லை. முகமெல்லாம் வெளிச்சம்.

“இத ஏன் டீச்சர் முதல்லயே காட்டல? சான்றிதழுக்கு மெடிக்கல் போர்டுல எங்கள அவ்வளவு அலைய விட்டாங்களே. இது ஒண்ணு போதுமே! இங்க பாருங்க, எழுத்தப் போட்டுட்டு அப்புறமா கொம்பு வச்சிருக்கா. இடம் இல்லாம கொம்பு முந்தின எழுத்து மேல ஏறி நிக்குது. மூணு சுழி எங்கயுமே வரல. வரி மேல போகுது, கீழ வருது. அழுத்துன அழுத்துல தாள் கிழிஞ்சிருக்கு. பாவம், இந்தப் பிள்ள எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்.”

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். செண்பகம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பா என்னவோ.

“அது நான் எழுதினது” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நகலைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

கவனித்தீர்களா தம்பி? இதுதான் இவர்கள் படிப்பு. நல்ல திடகாத்திரமான ஆம்பளை, மாநில அளவில் ஓடினவன், என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் நோய் என்கிறாள். அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது, இது முழுக்க முழுக்கப் புரட்டு. அவள் விட்டாளா? நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள். நோயாளியிடம் பேசுகிற மாதிரி.

“சார், சின்ன வயசுல எழுத உங்களுக்கு…”

“எனக்கு என்ன? நல்லா அடிச்சாங்க. விரல் முட்டியில ஸ்கேலால. அதனாலதான் இந்த அளவுக்கு எழுதுதேன்.”

“கொம்ப ஏன் சார் பின்னால வைக்கீங்க?”

“மாட்டுக்கு உடம்பு வந்த பொறவுதான கொம்பு மொளைக்கும்? கெ-ன்னு சொல்லும்போது க தான முதல்ல வருது? வராத எழுத்துக்கு முன்னாலேயே எவனாவது கொம்பக் கொண்டு நட்டு வைப்பானா?”

பேச்சி சிரித்துவிட்டாள். “சார், நானும் இதையேதான் ஒண்ணாம் வகுப்புல கேட்டேன். வெளிய முட்டி போட வச்சாங்க.”

“எத்தனை நாள்?”

“ஒரு வாரம் சார்.”

“எனக்கு ஒரு மாசம்” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கணக்குக்குச் சொன்னேன். அவள் ஒரு வாரத்துக்கே பெருமைப்படக் கூடாதல்லவா?

அவளும் விடவில்லை. எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். “சார், பன்னெண்டு வருசமா எந்நோட்டுல செவப்பு வட்டம். எல்லாம் நான் போட்ட தப்பு. நான் ஒண்ணும் சொல்லல. இந்தப் பேப்பர்ல இருக்கிறது மட்டும் நான் போடாத தப்பு சார். தமிழ்ல நான் தோத்துட்டேன்னு எம்பேர்ல கெடக்கு. இத மட்டும் எடுத்துருங்க.”

இன்னும் பேசுவாள். அவள் பேச்சை நிறுத்த வேண்டும் என்பதற்காகத்தான், “சரி, தாளைக் கொண்டா” என்றேன். வேறு காரணம் இல்லை.

தாள் வந்தது. பேச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “நான் எழுத்துக் கூட்டிச் சொல்லுதேன் சார்” என்றாள். மெஹர்பானு தடுத்துவிட்டாள். “நீ ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது. அவராவே எழுதணும்.” பேச்சி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பாவம், அவளுக்கு அதுதான் பெரிய பரீட்சை.

பத்துச் சொல் தம்பி. மொத்தம் பத்தே சொல். தமிழ்த் தேர்வில் உள்ள பிழைகள் என்னுடையவை. சுருக்கியதும் நானே. பிள்ளை மீது குற்றமில்லை. என் மாதிரி ஆளுக்கு அதுவே அதிகம். ஆனால் ஒன்பது தாள் கிழித்தேன். சித்திரை வெயிலில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடி வந்து பேசிக்கொண்டு நிற்பேன், அப்படிப்பட்ட ஆள். பத்துச் சொல்லுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஃபேன் சரியில்லை அந்த அறையில். சுற்றிலும் நாலு பேர் நின்று பார்த்தால் யாருக்குத்தான் கை ஓடும்? இடது கையால் மறைக்கவும் முடியவில்லை, மேஜை சின்னது.

முடித்துத் தலைமையாசிரியையிடம் நீட்டினேன். வாங்கினார்கள். பார்த்தார்கள். தாளைத் தூரமாகப் பிடித்தார்கள், பக்கமாகப் பிடித்தார்கள். “சார், இந்த முதல் சொல்…” என்று இழுத்தார்கள்.

பேச்சி எட்டி வாங்கினாள். கடகடவென்று வாசித்தாள். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. தமிழ் வாத்தியார் புத்தகம் வாசிக்கிற மாதிரி ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். என் எழுத்தை அப்படி ஒருத்தர் வாசித்து நான் கேட்டதில்லை. என் சம்சாரமே நடுவில் இரண்டு தடவை என் முகத்தைப் பார்ப்பாள். வாசிப்பு நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல வேண்டும்.

தலைமையாசிரியை சொன்னார்கள், “பத்துச் சொல்லுல ஏழு பிழை இருக்கு. ஆபீஸுக்குப் போற லெட்டர். வேணும்னா நான் திருத்தி…”

“மூணு சரியா இருக்குல்லா?” என்றேன்.

மெஹர்பானு பாய்ந்து வந்து தாளைப் பிடுங்கிக்கொண்டாள். “ஒரு எழுத்தக்கூட மாத்தாதீங்க டீச்சர். ஒரு புள்ளிகூட. அப்படியே அனுப்புங்க. இதுக்கு மேல ஒரு சாட்சி வேண்டாம்.”

அப்படியே போனது. முப்பத்தாறு வருஷ சர்வீஸில் நான் எழுதியதை ஒருத்தர் திருத்தாமல் மேலே அனுப்பியது அன்றைக்குத்தான். அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது கடிதம்.

உத்தரவு வந்தது. பிள்ளைக்குத் தனியாக மறு தேர்வு, வேறு ஆள் வைத்து. அதோடு எங்கள் மாவட்டத்துக்கே ஒரு சுற்றறிக்கை. இனிமேல் எழுதப் போகிற வாத்தியாருக்கு முதலில் ஒரு பக்கம் சொல்லி எழுத வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். என் கடிதத்தால் வந்த விதி. எத்தனை பி.டி. மாஸ்டர் பேரில் விதி வந்திருக்கிறது, சொல்லுங்கள்?

எனக்கு மெமோவும் வந்தது. எழுத்து மூலமாக விளக்கம் தர வேண்டுமாம். எழுத்து மூலமாக! மடித்துப் பையில் வைத்தேன். பாராட்டு விழாவில் மாலையைப் போட்டார்கள், வந்துவிட்டேன்.

பேச்சியா? தமிழில் நல்ல மார்க். வக்கீலாகிவிட்டாள். கோர்ட்டில் அவள் எழுந்தால் நீதிபதி கடிகாரத்தைப் பார்ப்பாராம். எழுதுவதற்கு ஒரு ஜூனியர். பொங்கலுக்குப் பொங்கல் ஃபோன் பண்ணுவாள். அவள் பேசுவாள், நான் ம் சொல்வேன்.

அந்த மெஹர்பானு மட்டும் ரொம்ப நாள் விடவில்லை. “நீங்களும் ஒரு தடவ டெஸ்ட் பண்ணிப் பாருங்க சார், உங்க மேல தப்பு இல்லன்னு உங்களுக்கே தெரியணும்” என்று ஆள் சொல்லி அனுப்பினாள். நான் எப்போது என் மேல் தப்பு என்று சொன்னேன்?

அதனால்தான் சொல்கிறேன். இதெல்லாம் நம்பாதீர்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

என்ன கேட்டீர்கள்? நான் எதற்கு இங்கே உட்கார்ந்திருக்கிறேனா?

எனக்கு ஒன்றும் இல்லை. அதோ, நீலப் பாவாடை, தூணைச் சுற்றி ஓடுகிறது பாருங்கள். பேத்தி. மகன் வயிற்றுப் பிள்ளை. மூன்றாம் வகுப்பு. எழுதச் சொன்னால் பென்சிலை உடைக்கிறாள். என் மருமகள் படித்தவள், உடனே இங்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இதற்கெல்லாமா ஆஸ்பத்திரி? என் மகனும் சின்ன வயதில் இப்படித்தான் பென்சிலை உடைப்பான். பெல்ட்டை எடுத்தேன். சரியாகிவிட்டது. பத்தாவதோடு நின்றுவிட்டான், அதற்குப் பிறகு எழுத வேண்டிய அவசியமே வரவில்லை. துபாயில் கிரேன் ஓட்டுகிறான். அம்மாவுக்கு மட்டும் ஃபோன் பண்ணுவான். என்னோடு பேச நேரம் கிடைக்காது அவனுக்கு.

மருமகள் என்னை வர வேண்டாம் என்றுதான் சொன்னாள். நான் விடுவேனா? உள்ளே ஒரு கேள்வி கேட்பார்களாம். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று. இவளுக்கு என்ன தெரியும், நேற்று வந்தவள்? வாய்க்கு வந்ததைச் சொல்லி வைப்பாள்.

முப்பத்தெட்டா? எங்கள் டோக்கன்தான். பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி. எங்கள் பரம்பரையில் அப்படி ஒருத்தருக்கும் கிடையாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.